பூச்சி ஆட்டம்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குக் குரல்தான் மூலதனம். சாக்பீஸ் தீர்ந்தால் ஆபீஸ் அறையில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைக்கு வகுப்பே இல்லை. என்னுடைய 33 வருட வேலையில் இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்புதான் கொடுத்தார்கள். "உங்களுக்குத்தான் பாட்டு வரும்" என்று சொல்லி மற்ற டீச்சர்கள் நழுவிக்கொண்டது ஒரு காரணம். எனக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை. சின்ன வயதில் கரூரில் இரண்டு வருடம் பாட்டு கற்றுக்கொண்டேன், கீதத்தைத் தாண்டவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் அதுவே தாராளம்.

அந்தப் பாட்டுகளில், நம்முடையவை அல்லாத பாட்டுகளைப் பற்றி இன்று எழுதலாம் என்று நினைக்கிறேன். பேரன் பேத்திகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். உங்களுக்கும் ஏதாவது பயன்படலாம்.

நான் வேலை பார்த்தது திருப்பூர்ப் பக்கம். நான் சேர்ந்த புதிதில், பனியன் கம்பெனி வேலைக்கு என்று குடும்பத்தோடு வந்தவர்கள் தேனி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். அவர்கள் பிள்ளைகள் பேசியதும் தமிழ்தான். ஆனால் மைதானத்தில் விளையாட ஆரம்பித்தால் சண்டை வந்துவிடும். வட்டமாக உட்கார்ந்து முதுகுக்குப் பின்னால் துணியைப் போட்டுவிட்டு ஓடும் முந்திரிக்காய் விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். பாட்டின் நடுவில் மட்டும் ஊருக்கு ஊர் ஒரு வார்த்தை மாறும். "எங்க ஊர்ல இப்படித்தான்" என்று ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். நான் ஒரு நாள் உங்க ஊர்ப் பாட்டு, ஒரு நாள் இவங்க ஊர்ப் பாட்டு என்று பஞ்சாயத்து பண்ணி வைப்பேன்.

2005-க்குப் பிறகு பீகார், ஒரிசா, ஜார்க்கண்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் ஆண்கள் மட்டும், பிறகு குடும்பமாக. திருப்பூர் தனி மாவட்டமானது 2009-ல். அந்தச் சமயத்தில் என் வகுப்பில் இருந்த முப்பத்து நான்கு பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவர்கள் மொழி தெரியாது.

அதற்குச் சற்று முன்புதான் செயல்வழிக் கற்றல் வந்திருந்தது. பெஞ்சுகள் போய், பிள்ளைகள் பாயில் குழுக்களாக உட்கார்ந்து அட்டைகளை வைத்துப் படிக்கிற முறை. அந்த முறையைப் பற்றி ஆசிரியர்களுக்குள் பல அபிப்பிராயம் உண்டு. அதற்குள் நான் போகவில்லை. எனக்குக் கிடைத்த லாபம் ஒன்று: பெஞ்சுகள் போனதும் வகுப்பறையில் ஆடுவதற்கு இடம் கிடைத்தது.

2010 ஜூனில் ஒரிசாவிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தாள். (ஒடிசா என்று பெயர் மாறியது அடுத்த வருடம்தான்.) அப்பா சாயப்பட்டறையில், அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். லைன் வீட்டில் ஒரு அறை. அந்தக் குழந்தை காலையில் வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தால் சாயங்காலம்தான் விடுவாள். அழவும் மாட்டாள், பேசவும் மாட்டாள். பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். ஒரு மாதம் ஆனதும் பள்ளியில் ஒருவர், "காது கேக்குதான்னு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க" என்றார். காது கேட்கிறது என்று எனக்குத் தெரியும். பாட்டு ஆரம்பித்தால் அவள் கால் கட்டைவிரல் தரையில் தட்டும்.

ஜூலையில் ஒரு நாள் பூ பூக்கிற விளையாட்டு நடந்தது. உங்களுக்கும் தெரிந்ததுதான். இரண்டு பேர் கைகளைக் கோத்து வாசல் மாதிரி தூக்கிப் பிடிப்பார்கள். மற்றவர்கள் ரயில் மாதிரி ஒருவர் பின் ஒருவராகக் கீழே நுழைந்து போவார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற ஒன்று, இரண்டு என்று பூ ஏறிக்கொண்டே போகும். பத்தாவது பூவில் கைகள் கீழே விழும், உள்ளே இருப்பவர் மாட்டிக்கொள்வார். ரயிலின் கடைசிப் பெட்டியாக இருந்த பையன் போகிற போக்கில் இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். அவளும் போனாள்.

அன்றைக்கு நான் கவனித்தது இதுதான். அந்த விளையாட்டுக்குப் பாட்டின் அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. பாட்டு எங்கே முடியும் என்று காது காத்திருந்தால் போதும். முடியும் இடம் நெருங்க நெருங்க எல்லாப் பிள்ளைகளும் தோளைக் குறுக்கிக்கொள்வார்கள். மூன்றாவது சுற்றில் அவளும் சரியாக அந்த இடத்தில் குறுகினாள். இரண்டு வாரத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் வரிசை சரியாக இருந்தது.

அக்டோபரில், சரஸ்வதி பூஜை விடுமுறை முடிந்து சில நாள் கழித்து, அவள் அம்மா சாயங்காலம் கூட்டிப்போக வந்தபோது ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார். நெற்பொரி, தேங்காய், வாழைப்பழம், வெல்லம் எல்லாம் கலந்தது. கம்பெனித் தமிழில் விளக்கினார். அன்று பௌர்ணமி. குமார பூர்ணிமா என்று அவர்கள் ஊரில் பெண் பிள்ளைகளின் பண்டிகை. காலையில் சூரியனையும் இரவில் நிலாவையும் கும்பிட்டு, நிலா வெளிச்சத்தில் 'புச்சி' ஆடுவார்களாம். என்ன ஆட்டம் என்று கேட்டேன். ஒன்றரை ஷிஃப்ட் முடித்து வந்த களைப்போடு அந்த அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, பள்ளி வராந்தாவில் குந்தி உட்கார்ந்து ஆடிக் காட்டினார்.

குதிங்கால் தரையில் படக்கூடாது. உட்கார்ந்த நிலையிலேயே ஒரு காலை முன்னால் வீசி, அதை இழுக்கும்போது மறு காலை வீசி, பாட்டின் தாளத்துக்கு மாறி மாறிப் போக வேண்டும். பார்க்கச் சுலபம். செய்து பார்த்தால் தொடை கழன்றுவிடும். அம்மா ஆட ஆரம்பித்ததும் பக்கத்தில் அந்தக் குழந்தையும் உட்கார்ந்து ஆடினாள். ஐந்து மாதத்தில் அவள் குரலை அன்றுதான் நான் கேட்டேன். நல்ல கணீர்க் குரல்.

அந்த வாரம் இரண்டு சாயங்காலம் அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பாட்டைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டேன். நிலா ராத்திரியில் ஆடுவதைப் பகலில் வகுப்பில் ஆடினால் தப்பில்லையே என்றும் கேட்டேன். "பிள்ளைங்க எப்பவும் ஆடும்" என்று சிரித்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஆரம்பித்தோம். புச்சி என்று நான் சொன்னதும் வகுப்பே சிரித்தது. "பூச்சியா டீச்சர்?" என்று ஒருவன் தரையில் தேடினான். ஐந்தே நிமிடத்தில் முப்பது பிள்ளைகள் பின்பக்கமாக விழுந்து கிடந்தார்கள். விழாமல் ஆடியவள் ஒருத்திதான். மற்றவர்கள் எழுந்து அவளைப் பார்த்தார்கள். அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, பக்கத்தில் விழுந்து கிடந்தவனின் முழங்காலைப் பிடித்து, "இப்படி இல்ல. காலு... இப்படி" என்றாள். எங்கள் பள்ளியில் அவள் பேசிய முதல் தமிழ் அதுதான்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று கதை எழுத மாட்டேன். அவள் அதிகம் பேசாத குழந்தையாகத்தான் இருந்தாள். ஆனால் ஜன்னல் கம்பியை விட்டுவிட்டாள். வகுப்பில் தனக்குத் தெரிந்ததும் மற்றவர்களுக்குத் தெரியாததும் ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. புது ஊரில் புது மொழியில் எதுவுமே தெரியாதவளாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைப் பார்த்த பீகார்ப் பையன்கள் அவர்கள் விளையாட்டை எடுத்து வந்தார்கள். 'போஷம்பா' என்று வட இந்தியா முழுக்க ஆடுவது. அதுவும் கை கோத்த வாசல்தான்! நம்முடையதில் பூ பூக்கிறது. அதில் கடிகாரம் திருடியவன் ஜெயிலுக்குப் போகிறான். பிள்ளைகளுக்கு ஜெயில் ரொம்பப் பிடித்துப்போனது.

பிடிக்காதவர் ஒருவர் வந்தார். ஒரு பையனின் அப்பா, பவர் டேபிள் வைத்து வேலை எடுத்துச் செய்பவர். "ஏனுங்க டீச்சர், எம் பையன் ஊட்டுல இந்திப் பாட்டுப் பாடறானுங்க. நம்ம பாட்டுக்கு என்னங்க கொறச்சல்?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் ஊரில் இந்தி என்ற சொல்லுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருக்கிறது என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1965-ஐ நேரில் பார்த்த அண்ணன்மார் என் வீட்டிலும் உண்டு. அதனால் விவாதம் பண்ணாமல், "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றேன்.

வந்தார். வேப்ப மரத்தடியில் நின்று பார்த்தார். முதலில் பூ விளையாட்டு. பீகார்ப் பையன் தொண்டை கிழிய ஒன்று முதல் பத்து வரை தமிழில் எண்ணினான். பிறகு போஷம்பா. அவர் மகன் வாசலாக நின்று கையை இறக்கினான். போகும்போது, "செரிங்க டீச்சர். ஆனா நம்ம பாட்டு மொதல்ல வரட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓய்வு பெற்ற பிறகு நேரம் கிடைத்துப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திருப்பூர்க்காரர் சொன்ன அதே வார்த்தையை ஹங்கேரி நாட்டில் ஒரு பெரிய இசையமைப்பாளர் சொல்லியிருக்கிறார். ஸோல்தான் கொடாய் (1882–1967) என்று பெயர். இளம் வயதில் நண்பர் பேலா பார்த்தோக்குடன் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்தவர். குழந்தைக்குத் தாய்மொழி இருப்பதுபோல இசையிலும் ஒரு தாய்மொழி உண்டு, முதலில் அந்தப் பாட்டையும் விளையாட்டையும் கொடுங்கள், அது ஊன்றிய பிறகு அடுத்தவர் பாட்டைக் கொடுங்கள் என்பது அவர் கட்சி. இவர் வழியில் தினமும் பாட்டு இருக்கும் தொடக்கப் பள்ளி ஒன்று 1950-ல் அவர் பிறந்த கெச்கெமேத் ஊரில் தொடங்கியது. சின்னக் குழந்தைக்கு முதலில் இரண்டே ஸ்வரம்தான். நம் கணக்கில் பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்குவது. தெருமுனையில் நின்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை நீட்டிக் கூப்பிடுவதைக் கேளுங்கள், பல நேரம் அப்படித்தான் இறங்கும்.

ஸ்விட்சர்லாந்தில் ழாக்-தால்க்ரோஸ் என்பவர் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். ஜெனீவா இசைக்கல்லூரியில் பாடம் எடுத்தபோது, நன்றாக வாசிக்கும் மாணவர்களுக்கே தாளம் உள்ளே இறங்கவில்லை என்று கண்டு, அவர்களை எழுப்பி நடக்க வைத்தார். தாளத்தைக் காலும் கையும் முதலில் கற்க வேண்டும் என்றார். சரளி வரிசையின் முதல் நாளிலேயே தொடையில் தாளம் போடச் சொன்ன நம் பாட்டு வாத்தியார்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது.

கை கோத்த வாசலுக்கு வருகிறேன். இங்கிலாந்தில் அது லண்டன் பாலம். நம் கான்வென்ட் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஜப்பானில் 'தோர்யான்சே'. ஏழு வயதுக் குழந்தையின் வேண்டுதலுக்காகக் கோயிலுக்குப் போகிறவர்களை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிற பாட்டு. அந்த மெட்டைத்தான் அங்கே பல சாலைச் சந்திப்புகளில், நடப்பவர்கள் கடக்கலாம் என்பதற்கு ஒலிபரப்பினார்கள். கொரியாவில் சியோல் நகரத்தின் கிழக்கு வாசல் சாத்தப்படுகிறது. தட்டாமாலைக்கும் இப்படிக் கூட்டம் உண்டு. தெலுங்குப் பிள்ளைகளின் 'ஒப்புல குப்பா', பஞ்சாப் பெண்களின் 'கிக்லி' இரண்டுமே கைகளைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு தலை சுற்றும் வரை சுற்றுவதுதான். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கு நான் ஆள் இல்லை. கை இரண்டும் கால் இரண்டுமாகப் பிறந்த பிள்ளைகள் எங்கே இருந்தாலும் வாசல் கட்டுவார்கள், சுற்றுவார்கள், மாட்டிக்கொண்டால் கத்துவார்கள்.

என் அனுபவத்தில் நாலு விஷயம் சொல்வேன்.

பாட்டுக்குச் சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால் அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். யூடியூபில் எல்லாம் இருக்கிறது. ஆனால் அந்த வராந்தாவில் ஓர் அம்மா தன் குழந்தையின் டீச்சருக்கு வாத்தியாராக உட்கார்ந்தது யூடியூபில் நடக்காது.

ஆட்டத்தோடு சேர்த்துக் கொடுங்கள். ஆண்டு விழாவில் மாநிலத்துக்கொரு உடை போட்டு நிறுத்துவது வேறு விஷயம். அதைப் பெற்றோர் பார்த்துக் கைதட்டுவார்கள். விளையாட்டு பிள்ளைகளுடையது, பார்வையாளர் தேவையில்லை.

வாரம் ஒரு நாடு என்று ஓடாதீர்கள். ஒரு பாட்டு மாதக்கணக்கில் இருக்கட்டும். பிள்ளைகள் அதைத் தங்கள் இஷ்டத்துக்கு மாற்ற ஆரம்பித்தால் பாட்டு உள்ளே போய்விட்டது என்று பொருள்.

நாலாவது, அர்த்தத்தை இட்டுக்கட்டாதீர்கள். வட்டமாகச் சுற்றி விழும் ரோஜாப்பூ ஆங்கிலப் பாட்டு லண்டன் பிளேக் நோயைப் பற்றியது என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். பிளேக் வந்தது 1665-ல். அந்தப் பாட்டு இங்கிலாந்தில் அச்சானது 1881-ல், கேட் கிரீனவே புத்தகத்தில். பிளேக் கதை அதற்கும் வெகுகாலம் பின்னால் கிளம்பியது. குழந்தைப் பாட்டு ஆராய்ச்சியில் பேர் போன ஓப்பி தம்பதி அதை ஏற்கவே இல்லை. தெரிந்த அளவு சொன்னால் போதும். பாட்டு அர்த்தம் இல்லாமலும் ஓடும்.

இப்போது என் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். பேரனுக்கு நாலரை வயதில் கின்டர் பள்ளியிலிருந்து, "உங்கள் வீட்டுப் பாட்டு ஒன்று, விளையாட்டோடு சொல்லித் தாருங்கள்" என்று கேட்டிருந்தார்கள். "அம்மா, எதை அனுப்பலாம்?" என்று போனில் கேட்டாள். பூ விளையாட்டைத்தான் அனுப்பினேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் பொருளும், எந்த இடத்தில் கையை இறக்க வேண்டும் என்பதும் கேட்டு அந்த டீச்சர் மகள் மூலமாக மறுபடி எழுதினார். நல்ல டீச்சர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. நுழைகிற ரயிலை வேடிக்கை பார்த்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் பிள்ளை இந்தத் தடவை நம் வீட்டுப் பிள்ளை அல்லவா?

ஜனவரியில் வந்திருந்தபோது அவன் எனக்கு கானா நாட்டு விளையாட்டு ஒன்று சொல்லிக்கொடுத்தான். 'ஒப்விசானா' என்று பெயர். வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கல்லைத் தாளத்துக்குத் தாளம் வலது பக்கத்தில் இருப்பவர் முன்னால் வைக்க வேண்டும். கல் விரலை நசுக்கிவிட்டது என்று பாட்டியிடம் முறையிடுகிற பாட்டாம். பாட்டியான எனக்கு அது பொருத்தம்தான். பல்லாங்குழிச் சோழிகளை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று தலைமுறையும் திண்ணையில் உட்கார்ந்து ஆடினோம். ஒருவர் தாளம் தவறினால் அவர் முன்னால் சோழி குவிந்துவிடும். என் முன்னால்தான் அதிகம் குவிந்தது.

அந்த ஒடிசாக் குழந்தை மூன்றாம் வகுப்பின் பாதியில் போய்விட்டாள். சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த காலம். அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை என்று டி.சி. வாங்கினார்கள். அந்த அம்மா வராந்தாவில் நின்று கை கூப்பினார். பிறகு தகவல் இல்லை. இந்நேரம் அவளுக்கு இருபது வயது ஆகியிருக்கும்.

ஓய்வு பெற்று இரண்டு மூன்று வருடம் கழித்துக் கூட வேலை பார்த்த டீச்சர் ஒருவரைப் பார்க்க அந்தப் பள்ளிக்குப் போயிருந்தேன். மதிய இடைவேளை. வேப்ப மரத்தடியில் நாலைந்து பெண் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து காலை வீசி ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் உள்ளூர்ப் பிள்ளைகள். பாட்டில் ஒடியா வார்த்தைகள் தேய்ந்து, நடுவில் எங்கிருந்தோ ஒரு சினிமாப் பாட்டு வார்த்தையும் ஏறியிருந்தது. தாளம் மட்டும் அப்படியே.

"என்ன கண்ணு ஆடறீங்க?" என்றேன்.

"பூச்சி ஆட்டங்க டீச்சர்."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"எங்கக்கா." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இது எங்கூரு ஆட்டமுங்க. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எப்படின்னு காட்டு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மரத்தடித் திட்டில் உட்கார்ந்தேன். நன்றாகவே காட்டினாள். குதிங்கால் தரையில் படவில்லை.